கடிதம் எழுதுகிறவருக்கு என்ன வாங்கித் தரலாம்?

கடிதம் எழுதும் வழக்கம் உள்ளவருக்குப் பரிசு வாங்க வேண்டும் என்றதும் பெரும்பாலோர் பேனாக் கடைக்குத்தான் போகிறார்கள். வெல்வெட் பெட்டிக்குள் இருக்கும் பேனா பார்க்க அழகு. பிறந்தநாளுக்கும் பொருந்தும், பணி ஓய்வுக்கும் பொருந்தும். ஆனால் வாரத்துக்கு இரண்டு கடிதம் எழுதுகிறவரிடம் பேனா ஏற்கெனவே இருக்கும். அதுவும் கைக்குப் பழகிய பேனாவாக இருக்கும். அவரிடம் தீர்ந்துகொண்டே இருப்பவை தாளும் உறையும் மையும் தபால்தலையும்தான். தீர்ந்துபோகும் பொருளைத் தருவதே அவருக்குப் பெரிய உதவி. அதனால் இந்த அத்தியாயம் பேனாவைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுத் தாளிலிருந்து தொடங்குகிறது.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. பரிசு பெறுகிறவர் எப்படிப்பட்ட கடிதம் எழுதுகிறார்?

தமிழில் கடிதத்துக்குப் பேர்போனவர்களே ஒரே மாதிரி எழுதியவர்கள் அல்லர். வல்லிக்கண்ணன் அஞ்சலட்டைக்காரர், புதிதாக எழுத வந்தவர்களைப் பாராட்டி அவர் போட்ட கார்டுகளைப் பலர் பத்திரமாக வைத்திருந்தார்கள். இடைசெவல் கிராமத்துக் கு. அழகிரிசாமி தன் ஊர்த் தோழர் கி. ராஜநாராயணனுக்கு எழுதியவை பிறகு தனிப் புத்தகமாகவே வந்தன. ரசிகமணி டி.கே.சி. கம்பனை ரசித்ததையும் கடிதங்களில் பக்கம் பக்கமாகப் பகிர்ந்துகொண்டார். நாலு வரியில் விஷயத்தை முடிக்கிறவருக்கு நூறு பக்க லெட்டர் பேடு சுமை. ஆற அமர ஆறு பக்கம் எழுதுகிறவருக்கு வாழ்த்து அட்டைப் பெட்டி பயன்படாது. அவர் கடைசியாக எழுதிய கடிதம் ஒன்றை எடுத்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். கோடு போட்ட தாளா, வெறுந்தாளா? இரண்டு பக்கமும் எழுதுகிறாரா? எழுத்து பொடியா, பெரிதா? மைப்பேனாவா, பால்பாயிண்டா? இந்த நான்குக்கும் விடை தெரிந்த பிறகு கடைக்குப் போவது நல்லது.

தாள்

கடையில் தாளின் தரத்தைக் கேட்டால் முதலில் சொல்லும் சொல் ஜிஎஸ்எம். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்ற கணக்கு அது. ஜெராக்ஸ் தாள் பெரும்பாலும் 70 அல்லது 80. பள்ளி நோட்டுத் தாள் அதைவிட மெலிது. லெட்டர் பேடு அச்சடிக்கும் பாண்ட் தாள் 85 முதல் 100 வரை வரும். எண் ஏறினால் தரமும் ஏறும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி அல்ல. 100 ஜிஎஸ்எம் தாளில் மை ஊறிப் பரவி எழுத்துக்கு மீசை முளைப்பதும் உண்டு. அதில் பாதி எடையுள்ள தாளில் எழுத்து கத்தரித்தாற்போல் நிற்பதும் உண்டு. ஜப்பானின் டோமோயெ ரிவர் தாள் இதற்குக் கடிதப் பிரியர்கள் எல்லாரும் சொல்லும் சான்று. அதன் எடை 52 ஜிஎஸ்எம்தான். மறுபக்கத்தில் எழுத்தின் நிழல் தெரியும், ஆனால் மை கசிந்து வராது. முதலில் டோமோயெகாவா நிறுவனம் செய்துவந்த இந்தத் தாளை இப்போது சான்சென் என்ற நிறுவனம் செய்கிறது.

வித்தியாசம் எங்கே இருக்கிறது? தாளின் இழைகள் மையைக் குடித்துவிடாதபடி ஆலையில் பசை ஏற்றுகிறார்கள். மாவுப்பசையோ ஜெலட்டினோ வேதிப்பசையோ எதுவாக இருந்தாலும், அது சரியாக ஏறியிருந்தால் மை மேலேயே நின்று உலரும். சரியாக ஏறாத தாளில் இழை வழியாகவே மை ஓடும். இதைக் கடையிலேயே சோதிக்கலாம். மாதிரித் தாளின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது உருண்டு நிற்க வேண்டும். உடனே உள்ளே இறங்கினால் அந்தத் தாள் மைப்பேனாவுக்கு ஆகாது. மைப்பேனாவைக் கையோடு கொண்டுபோய் ‘ணை’, ‘ஞ’ என்று எழுதிப் பார்ப்பது அதைவிட மேல். சுழிகளின் உட்புறம் வெள்ளையாகத் தெரிகிறதா, தாளின் பின்பக்கத்தில் புள்ளி புள்ளியாக மை வந்திருக்கிறதா என்பதைப் பார்த்தால் போதும்.

நல்ல தாளிலும் ஒரு குறை உண்டு. மையை உள்ளே விடாத தாளில் மை உலர நேரமாகும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் இன்னும் தாமதமாகும். இடக்கையால் எழுதுகிறவருக்கு இது பெரும் தொல்லை. தமிழ் இடமிருந்து வலமாகப் போவதால் எழுதிய வரிமேலேயே கை நகரும். அப்படிப்பட்டவருக்கு வழவழப்பான வெளிநாட்டுத் தாளை வாங்கித் தராமல், கொஞ்சம் மை குடிக்கும் பாண்ட் தாளும் நாலு மை ஒற்றுத்தாளும் சேர்த்துக் கொடுப்பது கரிசனமான தேர்வு.

தமிழ் எழுதுகிறவருக்குக் கோட்டின் இடைவெளியும் முக்கியம். புள்ளியும் இகர ஈகாரக் குறிகளும் மேலே ஏறும். உகர ஊகாரச் சுழிகள் கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கென்று நெருக்கமாகக் கோடு போட்ட வெளிநாட்டுக் கடிதத் தாளில் தமிழ் எழுதினால் ஒரு வரியின் வால் அடுத்த வரியின் தலையில் இடிக்கும். எட்டு மில்லிமீட்டருக்குக் குறையாத இடைவெளி வசதி. வெறுந்தாளாக வாங்கி, அடியில் வைத்துக்கொள்ள அழுத்தமாகக் கோடு போட்ட ஒரே ஒரு வழிகாட்டித் தாளைச் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் அழகு. காகிதத்தில் கோடு இருக்காது. வரி மட்டும் நேராகப் போகும்.

சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்கு ஒருமுறை போய்வரலாம். தாள் மொத்த வியாபாரமும் அழைப்பிதழ்க் கடைகளும் நெருக்கியடித்து நிற்கும் தெரு அது. அங்கே பெரிய ஷீட்டாக வாங்கி, அருகிலேயே வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ளும் வசதி உண்டு. ஏ5 அளவு, அதாவது 148-க்கு 210 மில்லிமீட்டர், கடிதத்துக்கு இதமான அளவு. ஐம்பது தாளை அடுக்கி, தலைப்பக்கம் பசை பூசி, பின்னால் தடித்த அட்டை வைத்துப் பேடாகச் செய்து தரச் சொன்னால் பைண்டிங் கடைக்காரர் செய்து கொடுத்துவிடுவார். மேல் ஓரத்தில் பெறுகிறவரின் பெயரை மட்டும் சிறிய எழுத்தில் ஸ்கிரீன் பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம். முகவரியும் தொலைபேசி எண்ணும் போட்டால் அது அலுவலகத் தாள் ஆகிவிடும்.

உள்ளூர் ஆலைத் தாளைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. கரூர் மாவட்டம் புகளூரில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாக வைத்துத் தாள் செய்கிறது. சக்கையின் குட்டை இழைகள் நெருங்கிப் படிவதால் தாளின் மேற்பரப்பு மட்டமாக வரும். ஒரு ரீம், அதாவது 500 தாள், வாங்கிக் கொடுத்தால் தினமும் எழுதுகிறவருக்குக்கூட மாதக்கணக்கில் வரும். வாங்குமுன் ஒரு தாளில் மை சோதனை செய்துவிட வேண்டும். ஒரே பெயருள்ள தாளும் தயாரிப்புக்குத் தயாரிப்பு கொஞ்சம் மாறும்.

கைத்தாளின் கதை வேறு. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தைச் சார்ந்த கைத்தாள் தொழிற்கூடம் 1959 முதல் இயங்கிவருகிறது. மரக்கூழுக்குப் பதிலாகப் பருத்தித் துணிக் கழிவிலிருந்து அங்கே தாள் எடுக்கிறார்கள். பருத்தி இழை நீளமானது. அதனால் அந்தத் தாள் மடிப்பில் எளிதில் கிழியாது, ஆண்டுகள் போனாலும் சுலபத்தில் பழுப்பேறாது. இந்தத் தொழிலுக்குப் பின்னால் ஒரு தஞ்சாவூர்க்காரர் இருக்கிறார். 1892-இல் அங்கே பிறந்த ஜே.சி. குமரப்பா, காந்தியின் முயற்சியில் 1934-இல் உருவான அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்தை முன்நின்று நடத்தியவர். அந்தச் சங்கம் கைகொடுத்த தொழில்களில் கைத்தாளும் ஒன்று. காகஜி குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தாள் செய்யும் ஜெய்ப்பூருக்கு அருகிலுள்ள சாங்கனேரில் இன்று இயங்கும் தேசியக் கைத்தாள் நிறுவனத்துக்குக் குமரப்பாவின் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது.

கைத்தாள் வாங்குகிறவர் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. பூவிதழும் வைக்கோலும் நூலும் பதித்த தாள்தான் முதலில் கண்ணைப் பறிக்கும். அதில் எழுத முடியாது. பேனா முள் இதழில் மாட்டும், மை அந்த இடத்தில் மட்டும் திட்டாகப் பரவும். அந்த வகைத் தாள் உறைக்கும் அட்டைக்கும் ஏற்றது. எழுதுவதற்கு வழவழப்பாக அழுத்திய, எதுவும் பதிக்காத வெள்ளைக் கைத்தாளைக் கேட்டு வாங்க வேண்டும். மார்பிள் தாள் ஒன்றிரண்டு சேர்த்து வாங்கினால் உறையின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.

எடையும் உறையும்

தாளைத் தேர்ந்தெடுக்கும்போதே தபால் கட்டணத்தையும் கணக்குப் பார்த்துவிட வேண்டும். உள்நாட்டில் உறைக்குள் போகும் கடிதத்துக்கு 20 கிராம் வரை 5 ரூபாய்த் தபால்தலை போதும். ஏ4 அளவில் 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்றின் எடை ஏறத்தாழ 5 கிராம். நீள உறை ஒன்றும் கிட்டத்தட்ட அதே எடை. ஆக, மூன்று தாள் எழுதி உறையில் போட்டாலே எல்லை வந்துவிடும். 100 ஜிஎஸ்எம் தாள் என்றால் ஒன்று 6 கிராமுக்கு மேல். இரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 52 ஜிஎஸ்எம் தாள் ஒன்று 3 கிராம் சொச்சம். நாலு தாள் தாராளமாகப் போகும். நீளமாக எழுதுகிறவர்கள் மெல்லிய தாளைத் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இத்தகையவருக்குச் சமையலறையில் வைப்பது போன்ற சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று அருமையான பரிசு. போதாத தபால்தலையோடு போன கடிதத்துக்குப் பெறுகிறவர் தபால்காரரிடம் காசு கட்ட வேண்டிவரும் சங்கடத்தை அது தவிர்க்கும்.

உறையில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். தாளை இரண்டாகவோ மூன்றாகவோ மடித்தால் உறைக்குள் இழுபறியில்லாமல் போக வேண்டும். முகவரி எழுதும் பக்கம் வெளிர்நிறமாக இருக்க வேண்டும். கறுப்பு உறையில் தங்க மையால் எழுதிய முகவரி கையில் பார்க்க அழகாக இருந்தாலும் அஞ்சல் பிரிக்கிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாது. பசை தடவிய உறைகள் மழைக்காலத்தில் தாமே ஒட்டிக்கொள்ளும். கட்டுக்கு நடுவே மெழுகுத்தாள் வைத்துத் தரலாம்.

மை

கடிதத்துக்கு இரண்டு மை வேண்டும். உள்ளே எழுத ஒன்று, உறைமேல் முகவரி எழுத இன்னொன்று. கடையில் பாட்டில் பாட்டிலாக அடுக்கியிருக்கும் மைகளில் பெரும்பகுதி சாயமை. ராயல் ப்ளூ என்று விற்பது பெரும்பாலும் தண்ணீரில் கழுவினால் போகக்கூடியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தபால்காரரின் பையில் நனைந்தால் முகவரி கரைந்துவிடும். முகவரிக்குத் தண்ணீரில் கரையாத நிறமிமை நல்லது. பிளாட்டினம் கார்பன் பிளாக் அந்த வகை. மைப்பேனாவில் அதை ஊற்றினால் பேனாவை நாள்கணக்கில் உலரவிடக் கூடாது. அதற்குச் சிரமப்படுவதைவிட, நிறமிமை போட்ட யூனிபால் சிக்னோ போன்ற ஜெல் பேனா ஒன்றை முகவரிக்கென்றே வாங்கிக் கொடுக்கலாம். பழைய வழியும் உண்டு: எழுதிய முகவரி உலர்ந்த பிறகு அதன்மேல் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்துவிட்டால் தண்ணீர் ஒட்டாது.

கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சிய காலம் தமிழ்நாட்டில் இருந்தது. ஐரோப்பாவில் கடுக்காய்க்குப் பதில் ஓக் மரத்தின் காய்ப்புடைப்பு. இரண்டிலும் வேலை ஒன்றே. துவர்ப்பும் இரும்பும் கூடி, காற்றுப் பட்டதும் கறுத்து, இழையோடு ஒன்றிவிடும். அந்த முறையில் செய்து, மைப்பேனாவுக்கு ஏற்றபடி வீரியம் குறைத்த மைகள் இன்றும் கிடைக்கின்றன. ஜெர்மனியின் ரோரர் அண்ட் கிளிங்னர் செய்யும் சாலிக்ஸ் அவற்றில் ஒன்று. நீலமாக எழுதி, நேரம் போகப் போகச் சாம்பல் கலந்து அடர்ந்துவரும். பழைய கடிதங்களைப் பத்திரப்படுத்துகிறவருக்கு இதைவிட மனம் நிறையும் மை இராது.

இந்திய மைகளில் கல்கத்தாவின் சுலேகாவுக்குத் தனி வரலாறு உண்டு. சுதேசி மை வேண்டும் என்ற எண்ணத்தில் 1934-இல் ராஜ்ஷாஹியில் மைத்ரா சகோதரர்கள் தொடங்கியது. நீண்ட காலம் நின்றுபோய், 2020-இல் மறுபடி வந்தது. கேரளத்தின் கிருஷ்ணா மைகள் நிறத்துக்குப் பெயர் பெற்றவை. வண்ணம் மாற்றி மாற்றி எழுதும் ஆசை உள்ளவருக்கு ஒரு பெரிய பாட்டிலுக்குப் பதில் சிறு பாட்டில்கள் நாலைந்து வாங்குவது நல்லது. அவற்றோடு ஒரு கண்ணாடிப் பேனாவும் வைத்தால், ஒவ்வொரு மையையும் தொட்டு எழுதிப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் அலசிவிடலாம்.

ஓவியக் கடையில் கிடைக்கும் இந்தியன் இங்க் மட்டும் மைப்பேனாவுக்குள் போகவே கூடாது. அதில் உள்ள அரக்கு உள்ளே காய்ந்து பேனாவையே அடைத்துவிடும். மினுமினுப்புத் துகள் கலந்த மைகளும் அடைக்கும்; அடிக்கடி கழுவுகிறவருக்கு மட்டுமே அவற்றைத் தரலாம்.

பேனா

இனிப் பேனா. தமிழ் எழுதுகிறவருக்கு முள்ளின் பருமன்தான் முதல் கேள்வி. ண, ஞ, ளை, னை என்று சுழியும் வளைவும் நெருங்கிய எழுத்துகள் தடித்த முள்ளில் அடைபட்டுக் கருந்திட்டாகிவிடும். பொடியாக எழுதுகிறவருக்கு எக்ஸ்ட்ரா ஃபைன், மற்றவருக்கு ஃபைன், பெரிய எழுத்துக்காரருக்கு மட்டும் மீடியம். ஜப்பானியப் பேனாக்களின் முள் ஐரோப்பியப் பேனாக்களைவிட ஒரு படி மெலிது. பைலட்டின் ஃபைன் லாமியின் ஃபைனைவிட மெல்லிய கோடு போடும். முதல்முறை மைப்பேனா பிடிக்கிறவருக்கு 1980 முதல் விற்பனையில் இருக்கும் லாமி சஃபாரி பொருத்தம். அதன் பிடியில் இருக்கும் முக்கோண வாட்டம் விரலைச் சரியான இடத்தில் வைத்துவிடும். வேறு மாதிரிப் பேனா பிடித்துப் பழகிய முதியவருக்கு அதே வாட்டம் எரிச்சல் தரலாம். எழுதாமல் வைத்திருந்தால் மை உலர்ந்துவிடும் என்று கவலைப்படுகிறவருக்கு பிளாட்டினம் ப்ரெப்பி நல்லது. விலை குறைவு, மூடி போட்டு மாதக்கணக்கில் வைத்தாலும் எடுத்ததும் எழுதும்.

மலிவான வெளிநாட்டுப் பேனாக்களைத் தாண்டிச் செலவழிக்க மனமும் வசதியும் இருந்தால் இந்தியாவில் கடைசல் பிடித்துச் செய்யும் எபோனைட் பேனாக்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துக் கெட்டியாக்கினால் எபோனைட். உலோகம்போல் சில்லென்று இருக்காது. கையில் எடுத்ததும் வெதுவெதுப்பாக ஒட்டிக்கொள்ளும். ராஜமுந்திரியில் 1932-இல் தொடங்கிய ரத்னம் பேனா காந்திக்குப் போய்ச் சேர்ந்தது. 1935-இல் அவர் அதற்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார். தமிழ்நாட்டில் திருவள்ளூரின் ரங்கா, சென்னையின் ஆசா பேனாக்களை வெளிநாட்டுப் பேனாப் பிரியர்களும் தேடி வாங்குகிறார்கள். பாரிமுனையில் ஜெம் அண்ட் கோ கடையில் காமா என்ற பெயரில் எபோனைட் பேனா விற்கிறார்கள். அந்தக் கடைக்கு நேரில் போய், பல தடிமனில் எடுத்துப் பிடித்துப் பார்த்து வாங்குவதில் இருக்கும் திருப்தி இணையத்தில் வாங்கும்போது கிடைக்காது.

இந்தப் பேனாக்களில் பல, ஐடிராப்பர் வகை. அதாவது பேனாவின் வயிறு முழுவதும் மைதான். மற்றப் பேனாக்களுக்குள் மை உறிஞ்சி வைக்கும் கன்வெர்ட்டர் ஒரு மில்லிலிட்டருக்கு மேல் கொள்ளாத இடத்தில் இது இரண்டு, மூன்று மில்லிலிட்டர் கொள்ளும். நீளக் கடிதம் எழுதுகிறவருக்கு வரம். ஆனால் மை பாதிக்குக் கீழ் இறங்கினால், கையின் சூட்டில் உள்ளேயிருக்கும் காற்று விரிந்து சொட்டு மையைத் தாளில் தள்ளிவிடும். மை பாதியாகும்போதே நிரப்பிவிட வேண்டும் என்று பரிசோடு ஒரு சீட்டில் எழுதி வைத்தால் நல்ல தாள் பாழாகாது. எபோனைட்டை வெயிலில் வைத்தால் நிறம் வெளுக்கும். அதையும் அந்தச் சீட்டிலேயே சேர்த்துவிடலாம்.

மூட்டுவலி உள்ளவருக்கு மெல்லிய பேனாவைவிடத் தடித்த உடல் உள்ள பேனா இதம். பால்பாயிண்டிலேயே ஆயுள் முழுவதும் எழுதியவரை மைப்பேனாவுக்கு மாற்றப் பார்க்க வேண்டாம். அவருக்குப் பிடித்த ரீஃபில் எது என்று பார்த்து ஒரு டஜன் வாங்கிக் கொடுத்தால் அவர் முகம் மலரும்.

தபால் நிலையத்தில் கிடைக்கும் பரிசுகள்

கடிதப் பிரியருக்கான மிகச் சிறந்த கடை பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறது. இன்லேண்ட் லெட்டர் இரண்டரை ரூபாய், அஞ்சலட்டை ஐம்பது காசு. இருபது இன்லேண்டுக்கு 50 ரூபாய், இருபது கார்டுக்கு 10 ரூபாய், 5 ரூபாய்த் தபால்தலை இருபத்தெட்டுக்கு 140 ரூபாய். மொத்தம் 200 ரூபாயில் அறுபத்தெட்டு மடல்களுக்கு வழி பிறந்துவிடுகிறது. எந்த விலையுயர்ந்த பேனாவும் இவ்வளவு கடிதத்தை உத்தரவாதமாக வெளியே அனுப்பாது. இன்லேண்டின் நீலத்தாள் மைப்பேனாவை அவ்வளவாகத் தாங்காது. அதற்குள் வேறு எதையும் வைத்து அனுப்பவும் கூடாது. பால்பாயிண்ட்காரருக்கு அது கச்சிதம்.

‘மை ஸ்டாம்ப்’ என்ற ஏற்பாடு 2011 முதல் இருக்கிறது. பெறுகிறவரின் படத்தையோ அவருக்குப் பிடித்த இடத்தின் படத்தையோ தபால்தலைக்குப் பக்கத்தில் அச்சிட்டுத் தருவார்கள். ஒரு ஷீட்டில் பன்னிரண்டு தலைகள், விலை 300 ரூபாய். மாவட்டத் தலைநகரங்களின் பெரிய தபால் நிலையங்களில் விசாரிக்கலாம். அழகான தபால்தலை ஒட்டி அனுப்புவதில் விருப்பம் உள்ளவருக்கு, தபால்தலை சேகரிப்போருக்கான வைப்புக் கணக்கு ஒன்றை 200 ரூபாயில் தொடங்கிக் கொடுத்தால் புதிய நினைவுத் தபால்தலைகள் வீட்டுக்கே வரும். சென்னையில் அண்ணா சாலை தபால் நிலையத்தில் இதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது.

முன்பின் தெரியாதவரோடு அஞ்சலட்டை பரிமாறிக்கொள்ள ஆசைப்படுகிறவருக்கு 2005-இல் போர்ச்சுகலில் தொடங்கிய போஸ்ட்கிராசிங் நல்ல வாசல். அவருக்கு மாமல்லபுரம், செட்டிநாட்டு வீடுகள், கோலம், ஜல்லிக்கட்டு என்று உள்ளூர்ப் படமுள்ள அட்டைகளைத் தேடிச் சேர்த்துக் கொடுக்கலாம். பின்லாந்திலோ தைவானிலோ இருக்கும் ஒருவர் ஆவலோடு பார்ப்பது அவற்றைத்தான்.

முத்திரை, பெட்டி, மேசை

அரக்கு முத்திரை வைத்த கடிதம் கையில் வந்தால் யாருக்கும் உடனே பிரிக்க மனம் வராது. கடையில் கட்டியாகக் கிடைக்கும் பழைய அரக்கு காய்ந்ததும் விறைத்துவிடும். தபாலில் அடிபட்டால் உதிரும். வளையும் தன்மையுள்ள மெழுகு கலந்த குச்சிகள் கிடைக்கின்றன; அவற்றை வாங்குவது மேல். எதுவானாலும் முத்திரை வைத்த உறையை இன்னொரு உறைக்குள் போட்டு அனுப்புவதே பத்திரம். பித்தளை முத்திரையில் பெயரின் முதலெழுத்தைத் தமிழில் பொறிக்கச் சொல்லலாம். ‘அ’, ‘ம’, ‘க’ ஆகியவை அழகாகப் பதியும். ‘ஞா’, ‘ணை’ போன்றவை மெழுகில் அடைந்துவிடும். பொறிப்பவர் எழுத்தைத் திருப்பி வெட்டியிருக்கிறாரா என்று காகிதத்தில் ஒருமுறை பதித்துப் பார்க்க வேண்டும். செலவைக் குறைக்க விரும்பினால் அனுப்புநர் முகவரியை ஒரு ரப்பர் ஸ்டாம்பாகச் செய்து தரலாம். தினம் தினம் கைகொடுக்கும் பொருள் அது.

வந்த கடிதங்களை வைக்கப் பெட்டி வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற செட்டிநாட்டுக் கொட்டான் பனையோலையில் முடைவது. மூடியோடு, உறையின் நீளத்துக்குச் செய்து தரச் சொல்லிக் கேட்கலாம். தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டிலும் பனையோலைப் பெட்டிகள் அழகாகச் செய்கிறார்கள். உள்ளே இரண்டு துண்டு வசம்பு போட்டு வைத்தால் பூச்சி அண்டாது. ஏட்டுச்சுவடிக் கட்டுகளுக்கு நடுவே நம் முன்னோர் வைத்த அதே வசம்பு. செலவைப் பற்றி யோசிக்காமல் ஒருவரை மகிழ்விக்க நினைத்தால் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் கணக்குப்பிள்ளை மேசை தேடலாம். தரையில் உட்கார்ந்து எழுதும் சாய்வு மேசை, மூடியைத் தூக்கினால் உள்ளே தாளும் உறையும் வைக்க இடம். வாங்குமுன் கீலையும் மூடியின் சாய்வையும் சரிபார்ப்பதோடு, உட்புறத்தில் செல்லரித்த தடம் இருக்கிறதா என்று விளக்கு அடித்துப் பார்க்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர் என்றால் இந்த மேசையை உயரமான மேசைமேல் வைத்துப் பயன்படுத்த முடியுமா என்று அளந்துகொள்ள வேண்டும்.

பிள்ளைகளுக்கு

கடிதம் எழுதத் தொடங்கும் பிள்ளைக்குப் பேனாவைவிட முகவரிதான் அவசியம். தாத்தா, அத்தை, ஊர் மாறிப்போன தோழி என்று பத்துப் பேரின் முகவரியை ஆறு இலக்கப் பின்கோடோடு அழகாக எழுதிய ஒரு சிறு குறிப்பேடும் பத்து அஞ்சலட்டைகளும் போதும். நேரு 1928-இல் பத்து வயது இந்திராவுக்கு எழுதிய கடிதங்களின் தொகுப்பும் கூட வைக்கலாம். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு மு.வ.வின் ‘அன்னைக்கு’, ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’ நூல்கள். ஒன்பது முதல் பதினைந்து வயது வரையுள்ளவர்களுக்கென்று உலகத் தபால் ஒன்றியம் 1971 முதல் பன்னாட்டுக் கடிதப் போட்டி நடத்துகிறது. இந்திய அஞ்சல் துறையும் ‘டாய் ஆகர்’ என்ற கடிதப் போட்டியை எல்லா வயதினருக்கும் நடத்திவருகிறது. அறிவிப்பு வரும் காலத்தில் ஒரு கட்டுத் தாளோடு அந்த அறிவிப்பையும் சேர்த்துக் கொடுத்தால் பிள்ளைக்கு எழுத ஒரு காரணம் கிடைக்கும்.

பரிசை வெளியூருக்கு அனுப்புவதானால் மைப்பாட்டிலின் கழுத்தை டேப்பால் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் போட்டு, தாளுக்கு எட்டாத மூலையில் துணியில் பொதிந்து வைக்க வேண்டும். பேனாவுக்குள் மை இருக்கக் கூடாது. தாள் கட்டின் நான்கு முனைகளுக்கும் அட்டை வைத்துக் கட்டினால் மடங்காமல் போய்ச் சேரும்.